டெஸ்டிங் அண்ணன் மைக்கைத் தட்டினால்

எண்பதுகளில் விழுப்புரத்தில் நடந்த அத்தனை பொதுக்கூட்டங்களிலும் உருப்படியாகப் பேசியவர் ஒரே ஒருவர்தான். அவர் பேச்சாளர் இல்லை. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. மேடையில் நாற்காலி போடுவதற்கு முன்பே ஏறி, தலைவருக்கு மாலை விழுவதற்கு முன்பே இறங்கிவிடுகிற மைக் செட்காரர்.

இப்போது பையன்கள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு 'ராப்' கேட்கிறார்கள். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற பாட்டாம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஆரம்பித்ததாம். தமிழுக்கு இப்போதுதான் வந்திருக்கிறதாம். என்னை உட்கார வைத்து விளக்குகிறார்கள். நானும் "அப்படியா?" என்று கேட்டுக்கொள்கிறேன். விழுப்புரத்துக் கிழக்கு பாண்டி ரோட்டுக்கு அது வந்தபோது இவர்களுடைய அப்பாக்களுக்கே மீசை முளைத்திருக்கவில்லை.

எனக்கு அப்போது திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தங்கியது விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போவேன், சாயங்கால பாசஞ்சரில் வருவேன். மாடியில் ஒரே அறை, அதில் நானும் ஜோசப் என்ற பாண்டிச்சேரி நண்பனும். கீழே 'சவுண்ட் சர்வீஸ்' கடை. கூம்பு ஸ்பீக்கர்கள், சீரியல் பல்பு, ரெக்கார்டு பெட்டி, இவற்றுக்கு நடுவே மணிக்கட்டில் வளையல் மாதிரி இன்சுலேஷன் டேப்பை மாட்டிக்கொண்டு ஓர் ஒல்லியான மனிதர். ஊருக்கே அவர் 'டெஸ்டிங்', எனக்கும் ஜோசப்புக்கும் அண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அண்ணனுக்கு வாய் திக்கும். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. கடைக்காரரிடம் 'டீ' என்று ஓர் எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் குடித்து முடித்து டம்ளரைக் கழுவக் கொடுத்திருப்பார். இதைச் சொல்லி முதலில் சிரிப்பவர் அவர்தான். அதனால் கடையின் வாயாக அவர் மனைவி கன்னியம்மா அண்ணி இருந்தார். "இன்னா விசேஷம்? காதுகுத்தா, கல்யாணமா? அவரு ஒயரு இழுப்பாரு, வாய் இழுக்கற வேலை என்னுது. சொல்லுங்க" என்பார். வந்தவர் விவரம் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி வாடகை பேசி, வண்டிச் சத்தம் பேசி, வந்தவர் மகளுக்கு எப்போது மாப்பிள்ளை பார்க்கப் போகிறார் என்பது வரை கேட்டு முடித்திருப்பார்.

ஆனால் மைக் முன்னால் அண்ணன் வேறு ஆள். விரலால் மைக்கின் தலையில் 'டக் டக்' என்று தட்டுவார். அந்தத் தட்டில் தாளம் ஒன்று பிடிபட்டுவிட்டால் போதும், திக்கல் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாது. பாட்டு என்று சொல்ல முடியாது, ராகம் இருக்காது. பேச்சு என்றும் சொல்ல முடியாது, பேச்சு இப்படிக் குதிக்காது. முதன்முதலாக நான் அதைக் கேட்டது எங்கள் தெரு முனையில். தேர்தல் கூட்டம். பேச்சாளர் வழக்கம்போல் வந்து சேரவில்லை. காலிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த பெண்களையும் சேர்த்துக் கூட்டம் என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மைக்கைத் தட்டினார்.

"ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்,
கொழாய்க்கு எதுக்கு இந்த ரெஸ்டிங்?
தொறந்தா வருது வெறுங்காத்து,
தெருவே நிக்குது வழிகாத்து!
ஓட்டு கேக்கசொல்ல கால்நடை,
ஜெயிச்சி வந்தா கார்நடை,
எங்க தெருவுக்கு எப்பங்க
எட்டிப் பாக்கும் நீர்நடை?
ஒன் டூ த்ரீ!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஆரம்பித்த சிரிப்பு ரோட்டைத் தாண்டி சைக்கிள் கடை வரைக்கும் போயிற்று. கட்சியின் வட்டச் செயலாளர் மேடைக்கு ஓடி வந்தார். பதவியாலும் உடம்பாலும் அவர் வட்டம். ஊரும் அப்படித்தான் கூப்பிடும்.

"யோவ், யாரைய்யா கால்நடைன்னே? எங்க வேட்பாளரையா?"

அண்ணன் மைக்கிலிருந்து விலகி நின்றார். "டெ... டெ... டெஸ்டிங்" என்றார்.

அதற்குமேல் அவரை யார் என்ன கேட்க முடியும்? பேசியிருந்தால் மறுப்புப் பேச்சுப் பேசலாம். பாடியிருந்தால் தடை போடலாம். மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது மைக் செட்காரரின் கடமை.

அன்றிலிருந்து விழுப்புரத்தில் கூட்டம் பார்க்கும் முறையே மாறிப்போனது. மேடைப் பேச்சு ஆறு மணி என்றால் ஜனம் ஐந்து மணிக்கே வந்துவிடும். டெஸ்டிங் முடிந்ததும் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர் பேச்சாளர் வருவதற்கு முன்பே கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். எல்லாக் கட்சிக்காரர்களும் அண்ணனைத் திட்டினார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அவர் இல்லையென்றால் கூட்டம் சேராது. ஒருமுறை மண்ணெண்ணெய், ஒருமுறை பஸ் ஸ்டாண்டு சாக்கடை, ஒருமுறை ஆஸ்பத்திரியில் எல்லா வியாதிக்கும் கொடுத்த ஒரே நிற மாத்திரை. யார் ஆட்சியில் இருந்தாலும் அண்ணனின் மைக்குக்குச் சோதனை குறையவில்லை.

போலீஸும் ஒருநாள் வந்தது. ஆம்ப்ளிஃபயரையும் அண்ணனையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அண்ணியோடு நானும் ஜோசப்பும் ஓடினோம். புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார்.

"கூட்டத்துல கவர்ன்மெண்டைத் திட்டினியாமே? என்ன சொன்னே, அதை அப்படியே இங்க சொல்லு. ஏட்டு, எழுதிக்கோ."

அண்ணன் வாயைத் திறந்தார். "ஹ... ஹ... ஹ..." ஏட்டு பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். 'ஹலோ'வின் 'லோ' வருவதற்குள் வெளியே ஒரு டவுன் பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஏட்டு பேனாவை மூடிவிட்டார்.

"இந்த ஆளா திட்டினான்?" என்றார் எஸ்.ஐ.

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் அண்ணி. "கட்டிக்கினு வந்த நாள்லேருந்து என்னையே ஒரு வார்த்த திட்டுனது கெடையாது. கவர்ன்மெண்ட எப்டி சார் திட்டுவாரு?"

எஸ்.ஐ. சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு அனுப்பிவைத்தார். ஆனால் வாசலில் வைத்து ஒன்று சொன்னார்: "இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா செட்டு மொத்தமும் இங்கதான் இருக்கும். அப்புறம் பொழப்புக்கு என்ன பண்ணுவீங்க, பார்த்துக்கோங்க." அண்ணி ஆம்ப்ளிஃபயரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஜோசப்பின் அக்கா பாரிஸிலிருந்து வந்தாள். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு பாரிஸ் என்பது நமக்குப் பண்ருட்டி மாதிரி. தம்பிக்கு ஒரு சென்ட் பாட்டிலும் ஒரு கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். கேசட் உறையில் தொப்பி போட்ட கறுப்பு இளைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு, போட்டோ பிடித்தவனிடமே ஏதோ நியாயம் கேட்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. கீழே கடையில் போட்டோம்.

முதலில் வெறும் தாளம். பிறகு ஒருவன் படபடவென்று பேச ஆரம்பித்தான். ஒயரைச் சீவிக்கொண்டிருந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். மெதுவாக ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருடைய விரல் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் ஜோசப்பைப் பார்த்துக் கேட்டார்:

"இ... இவரு எந்த ஊரு மை... மைக் செட்டு?"

"அமெரிக்காண்ணே."

"வூட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானா? இம்மாங் கோவமா கீறானே அந்தப் புள்ள" என்றார் அண்ணி.

ஜோசப்புக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், ஃபிரெஞ்சு கொஞ்சம் வரும். இரண்டும் வராத இடத்தில் கற்பனை நிறைய வரும். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தெருவில் விளக்கு எரியவில்லை என்கிறான். படித்தவனுக்கு வேலை இல்லை என்கிறான். நிறத்தைப் பார்த்துப் போலீஸ் அடிக்கிறது என்கிறான். எங்கள் வீடு இடிந்து விழுகிறது, உங்கள் ராக்கெட் மட்டும் மேலே போகிறதே என்கிறான்.

அண்ணன் மிகுந்த கவலையோடு கேட்டார்: "அ... அங்கயும் தண்ணி வரலையா?"

அந்தக் கேசட் அதற்குப் பிறகு மாடிக்குத் திரும்பவே இல்லை. பத்தி ஏற்றி, பல்பு துடைத்து, கடையைத் திறந்ததும் அண்ணன் முதலில் போடுவது அதைத்தான். ஒரு வார்த்தை புரியாமல் அத்தனையும் மனப்பாடம். டேப் சிக்கினால் அண்ணி பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வார். ஒரே ஒரு விஷயம்தான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. நடுநடுவே 'க்ரீச் கிரிக் கிரிக்' என்று ஒரு சத்தம் வரும்.

"ஊசி தே... தேஞ்சிடுச்சி. மா... மாத்தச் சொல்லு" என்பார்.

"ஊசி இல்லண்ணே. சுத்துற ரெக்கார்டைக் கையால முன்ன பின்ன தேய்க்கறாங்க. அதான் அவங்களுக்கு மேளம்" என்றான் ஜோசப்.

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். ரெக்கார்டைக் கைக்குழந்தை மாதிரி துடைத்து உறையில் படுக்கவைக்கிறவர் அவர். ஆனால் ஆசை யாரை விட்டது? விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை கிராமத்தில் ஒரு கல்யாணம். மேளக்காரர்கள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால், கெட்டிமேளத்துக்கு ரெக்கார்டையே போடச் சொன்னார்கள். ரெக்கார்டு சுற்றியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அண்ணனின் கை தானாக நீண்டது.

'பீ... பிப்பிப்பிப் பீ... டும்... டுடுடும்!'

முதல் முடிச்சுப் போட்டிருந்த மாப்பிள்ளை, மேளம் பின்பக்கமாகப் போனதும், முடிச்சையும் அவிழ்க்க வேண்டுமோ என்று ஐயரைப் பார்த்தார். ஐயர் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். பெண்ணின் மாமா செட்டு இருந்த பக்கம் பாய்ந்தார். "யோவ் டெஸ்டிங்! இன்னாய்யா பண்ற?"

"அ... அமெரிக்கா!" என்றார் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

அண்ணி ஓடிவந்து அவர் கையை ரெக்கார்டிலிருந்து எடுத்துவிட்டார்.

திண்டிவனம் விவகாரம் அதற்கு அடுத்து வந்தது. அண்ணியின் அம்மா வீடு அங்கேதான். அந்தத் தெருவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டியிருந்தார்கள். கட்டி முடித்து வெள்ளையடித்து, கொடியெல்லாம் வரைந்தாயிற்று. ஆனால் தொட்டிக்கும் தெருக்குழாய்க்கும் நடுவே பைப்பு மட்டும் போடவில்லை. அதற்குள் அமைச்சர் திறந்துவைக்கத் தேதி கொடுத்துவிட்டார். ஆட்சி வட்டத்தின் கட்சி என்பதால் விழுப்புரத்திலிருந்து வந்து அவர்தான் விழா ஏற்பாடு, செட்டு அண்ணனுடையது.

"இந்தாங்க" என்று அண்ணி முந்தின நாளே சொல்லிவிட்டார். "என் அம்மா வூட்டு ஜனத்துக்கு முன்னாடி போலீஸு ஒங்கள இட்டுக்கினு போனா நான் எங்க மூஞ்சிய வெச்சிக்கறது? செட்டு போச்சின்னா நாம இன்னாத்த துன்றது? ஒன் டூ த்ரீ சொல்லிட்டு ஜல்தியா எறங்கிடணும். ஆமா."

அண்ணன் தலையாட்டினார். சொன்னபடியே செய்தார். நான் அலுவலகத்தில் பர்மிஷன் சொல்லிவிட்டு அங்கே போய் நின்றிருந்தேன். காலை வெயில். தெருப் பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு வந்திருந்தார்கள், தொட்டி திறந்தால் தண்ணீர் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணன் மேடையேறினார். மைக்கைத் தட்டக்கூட இல்லை. "ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன். டூ. த்ரீ." இறங்கிவிட்டார்.

கூட்டம் காத்திருந்தது. அண்ணன் ஒயரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"அவ்ளோதானா மாமா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அண்ணியின் தங்கை. பதில் வரவில்லை என்றதும் இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவளே தட்ட ஆரம்பித்தாள். "தொறந்தா வருது வெறுங்காத்து..." பக்கத்தில் இருந்தவள் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினாள். "தெருவே நிக்குது வழிகாத்து!" விழுப்புரத்து வரிகள் எப்போது எந்த வண்டியேறி திண்டிவனம் வந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரு முழுக்கச் சொன்னது.

அந்த நேரம் பார்த்து அமைச்சரின் கார் வந்தது. அவர் அதை வரவேற்புப் பாட்டு என்று நினைத்துவிட்டார். கைகூப்பி, தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே மேடையேறினார். 'கால்நடை' வந்தபோது மட்டும் வட்டத்தின் காதில் குனிந்து, "கால்நடை நம்ம துறை இல்லியேய்யா?" என்றார். வட்டத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உடன் வந்திருந்த சப் கலெக்டருக்குப் புரிந்துவிட்டது. வடநாட்டு இளைஞர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். கையை உயர்த்தினார். தாளம் நின்றது. "இதை இயற்றியவர் யார்?" என்றார்.

நூறு விரல்கள் ஒரே பக்கம் நீண்டன. அண்ணனை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பந்தல் ஓரத்தில் இருந்த போலீஸ்காரர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"அச்சம் வேண்டாம். தங்கள் குறை என்ன? கூறுங்கள்."

அண்ணன் வாயைத் திறந்தார். "தொ... தொ... தொ..." நெற்றி நரம்பு புடைத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். தொட்டி கட்டிய கான்ட்ராக்டர் முன்னால் வந்தார். "சார், இவருக்குப் பேச்சு வராது சார். நான் சொல்றேன். எல்லா வேலையும் முடிஞ்சாச்சு..."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். இத்தனை வருஷமும் அவருக்காகப் பேசிய வாய் அது. கான்ட்ராக்டரை நொடியில் கிழித்துத் தோரணம் கட்டியிருக்க முடியும். அண்ணி வாயைத் திறக்கவும் செய்தார். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டார். தங்கையின் கையிலிருந்து குடத்தை வாங்கி இடுப்பில் சாய்த்து, மோதிர விரலால் தட்டினார். டக் டக். டக் டக்.

அண்ணன் நிமிர்ந்தார்.

"தொட்டி இருக்குது ஒசரத்துல,
தண்ணி இருக்குது காகிதத்துல,
பைப்பு கெடக்குது குடோனுல,
பள்ளம் மட்டும்தான் ரோட்டுல!
ரிப்பன் வெட்டற கத்திரியே,
ரெண்டு அடி தள்ளி வெட்டுவியா?
மண்ண வெட்டுனா தண்ணி வரும்,
துணிய வெட்டுனா இன்னா வரும்?"

மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கத்திரிக்கோலைக் கையில் வாங்கியிருந்த அமைச்சர், அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். சப் கலெக்டர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பி, "பைப்பு எங்க கெடக்குது?" என்றார். புத்தகத்தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

அண்ணி குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயிலு" என்றார் என்னிடம். நாங்கள் நின்றது வேப்பமர நிழலில்.

ரிப்பனை அன்றைக்கே வெட்டிவிட்டார்கள். விழா என்றால் வெட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் கொஞ்ச நாளில் மண்ணையும் வெட்டினார்கள். முதலில் துருநிறத்தில் வந்த தண்ணீர், பிறகு தண்ணீர் நிறத்திலும் வந்தது. அடுத்த கோடையில் மறுபடி நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் மறுபடி குடத்தைக் கவிழ்த்தார்கள், மறுபடி வந்தது. போலீஸ் செட்டைத் தொடவில்லை. கட்சிக்காரர்கள்தான் கொஞ்ச காலம் அண்ணனைக் கூப்பிடாமல் இருந்து பார்த்தார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசிப் பேசித் தொண்டை கட்டிய பிறகு, வட்டமே கடை வாசலில் வந்து நின்றார். "இன்னா அண்ணி, சௌக்கியமா?" என்றார். அண்ணி வாடகையை ஏற்றிச் சொன்னார்.

பல வருஷம் கழித்து, அந்தக் கேசட்டில் இருந்தது போன்ற ராப் பாட்டுகளை மறுபடி கேட்டபோது எனக்கு வார்த்தை பாதி புரியவில்லை. ஆனாலும் காது அங்கேயே நின்றுவிட்டது. பேச விடாதவன், பேச வராதவன் எல்லோரும் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற சத்தம் எந்த ஊரில் கேட்டாலும் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

எனக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. விழுப்புரம் ஸ்டேஷனில் அண்ணனும் அண்ணியும் வழியனுப்ப வந்திருந்தார்கள். அண்ணி புளிசோற்றுப் பொட்டலத்தையும், என் வருங்கால மனைவிக்கான அறிவுரைகளையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் ஏதோ சொல்ல முயன்றார். "போ... போ..." அதற்குமேல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். விசில் ஊதி, வண்டி நகர்ந்தது. சக்கரம் தண்டவாள இணைப்பில் தடக் தடக் என்றது. மறுபடி, தடக் தடக். அண்ணன் சட்டென்று தலையைத் தூக்கினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியோடு நடந்து, பிறகு ஓடிக்கொண்டே சொன்னார்:

"போற ஊரு மெட்ராஸு,
பத்திரம் தம்பி மணிபர்ஸு!
வேளைக்குத் துன்னு, ஒடம்பப் பாரு,
எங்கள மறந்தா பேஜாரு!"

பிளாட்பாரம் முடிந்துவிட்டது. அவர் அங்கேயே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அண்ணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இருவரும் புள்ளியாகும்வரை நான் உட்காரவில்லை.

எதிர் சீட்டுக்காரர் எனக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டே கேட்டார், "யாருங்க அவரு, கூடப் பொறந்த அண்ணனா?"

"ஆமாங்க" என்றேன்.